வாட்சன் ஹோட்டல்

மும்பை காலா கோடாவில், மகாத்மா காந்தி சாலையை ஒட்டி நிற்கும் ஐந்து தள இரும்புக் கட்டடம். பிரிட்டிஷ் காலத்தில் ஐரோப்பியர் மட்டுமே தங்கக்கூடிய விடுதியாக இருந்தது. இப்போதைய பெயர் எஸ்பிளனேட் மேன்ஷன். சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.

1860களில் பம்பாய்க் கோட்டையின் மதில்கள் இடிக்கப்பட்டு, வெளியே இருந்த எஸ்பிளனேட் மைதானத்தின் ஓரம் மனைகளாக விற்கப்பட்டது. ஒரு மனையை வாங்கியவர் ஜான் ஹட்சன் வாட்சன் என்ற ஆங்கிலேயத் துணி வியாபாரி. முதலில் கடையும் ஆபீசும் கட்டுவதாக இருந்த திட்டம் பிறகு விடுதியாக மாறியது. வடிவமைத்தவர் ரோலண்ட் மேசன் ஆர்டிஷ் என்ற பொறியாளர். லண்டன் செயின்ட் பாங்கிராஸ் ரயில் நிலையத்தின் மாபெரும் கூரையிலும் இவருக்குப் பங்குண்டு. டார்பி நகரத்து வார்ப்பாலையில் செய்த இரும்புப் பாகங்கள் கப்பலில் வந்து 1867-69 காலத்தில் இங்கே பூட்டப்பட்டன. தூண்களின் பீடத்துக்கான சிவப்புக் கல்லும்கூட இங்கிலாந்தின் பென்ரித்திலிருந்து வந்தது. நல்ல கட்டடக் கல் கிடைக்கும் பம்பாய்க்கு அங்கிருந்து கல் வந்தது கொஞ்சம் வேடிக்கைதான்.

நம்மூர்ச் சத்திரத்தில் சுவர்தான் எல்லாம். தடித்த சுவர் மாடியைச் சுமக்கும். அதனால் சன்னல் சிறுத்துப்போகும். வாட்சன் ஹோட்டலில் சுவருக்கு அந்த வேலை இல்லை. வார்ப்பிரும்புத் தூண்களும் உத்தரங்களும் சேர்ந்த சட்டகமே முழுப் பாரத்தையும் தாங்குகிறது. இடையிலுள்ள செங்கல் சுவர் வெறும் மறைப்பு. கல்யாணப் பந்தல் போடுகிறவருக்கு இது புதிதல்ல: கால் நட்டு, குறுக்கே கழி கட்டி, கடைசியில் தட்டி வைப்பது. வானளாவிய கட்டடங்கள் பின்னால் பின்பற்றியதும் இதே முறையைத்தான்.

முன்பக்கம் முழுக்கத் தளத்துக்குத் தளம் இரும்புத் தாழ்வாரம். கீழ்த்தளத் தூண்கள் நடைபாதைக்கு நிழல் தர, மேலே வேலைப்பாடுள்ள தாங்கிகள் தாழ்வாரங்களை ஏந்தி நிற்கின்றன. உள்ளே 130 அறைகள். நடுவில் சுமார் 30 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமுமாக ஒரு முற்றம். கண்ணாடிக் கூரையின் கீழ் அது நடன அரங்காக இருந்தது.

1896 ஜனவரியில் இங்கே தங்கிய மார்க் ட்வைன், பம்பாய்க் காக்கைகளைப் பற்றிப் பின்னர் விரிவாக எழுதினார். அதே ஆண்டு ஜூலை 7 அன்று லூமியர் சகோதரர்களின் சலனப் படங்கள் இங்குதான் இந்தியாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டன. கட்டணம் ஒரு ரூபாய். ஜாம்ஷெட்ஜி டாட்டாவை இங்கே உள்ளே விடவில்லை, அந்தக் கோபத்தில்தான் தாஜ் ஹோட்டலைக் கட்டினார் என்ற கதையை மும்பையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆதாரம் கேட்டால் மட்டும் பதில் வராது. 1903இல் தாஜ் திறந்த பிறகு வாட்சனின் மவுசு குறைந்தது என்பது உண்மை.

விடுதி மூடப்பட்டபின் அறைகள் தடுக்கப்பட்டுச் சிறு ஆபீஸ்களாகவும் குடியிருப்புகளாகவும் வாடகைக்கு விடப்பட்டன. பக்கத்திலேயே கோர்ட் இருந்ததால் வக்கீல்கள் நிறைந்தார்கள். கடல் காற்றும் நான்கு மாத மழையும் இரும்பை எப்போதும் விடுவதில்லை. துரு ஏறிய இரும்பு உப்பும். உப்பும்போது அதைப் பற்றியிருக்கும் செங்கல் விரிசல் விடும். ஆண்டுதோறும் சுரண்டிச் சாயம் பூச வேண்டிய கட்டடம், வாடகைதாரர் பலரும் சொந்தக்காரர் ஒருவருமாகப் பராமரிப்பின்றிக் கிடந்தது. 2005இல் தாழ்வாரத்தின் ஒரு பகுதி சரிந்து ஓர் உயிர் போயிற்று. உலக நினைவுச்சின்ன நிதியம் 2006க்கான அபாயப் பட்டியலில் இதைச் சேர்த்தது. 2019இல் ஐ.ஐ.டி. பம்பாயின் ஆய்வு இதை இடித்துவிடலாம் என்றது. பாரம்பரியக் கட்டடக் கலைஞர்கள் மறுத்தார்கள். சட்டகத்தைக் காப்பாற்றினால் கட்டடம் பிழைக்கும், சுவரை எப்போது வேண்டுமானாலும் எழுப்பிக்கொள்ளலாம் என்பதால் மறுத்தவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது.

அதே ஆண்டு குடியிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பார்க்கப் போகிறவர்கள் சாலையின் எதிர்ப்பக்கம் நின்று பார்ப்பது நல்லது. தாழ்வாரத்தின் கீழே ஒதுங்க வேண்டாம்.