கேமரன் மலை: தேயிலைக்குப் பின்னால் ஒரு நதியின் கதை

கேமரன் மலை என்றதும் நம் நினைவுக்கு வருவது பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற தேயிலைத் தோட்டமும், குளிரும், ஸ்ட்ராபெரிப் பழமும்தான். அந்த மலையில் பிறக்கும் ஆறுகளைப் பற்றி எத்தனை பேர் யோசித்திருப்போம்? பெர்த்தாம், தெலோம் என்னும் அந்த ஆறுகள் மலையிறங்கி ஜெலாய் ஆற்றில் கலந்து, பிறகு பகாங் நதியாகத் தென்சீனக் கடலைச் சேர வேண்டியவை. மலையுச்சியில் நீர் கலங்கினால் அது மலையோடு நின்றுவிடாது.

காடு தோட்டமான காலம்

1885-ல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மலைப்பகுதியைக் கண்டறிந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. ஆனால் அவருக்கு முன்பே செமாய் பூர்வகுடி மக்கள் இங்குள்ள காட்டையும் ஓடைகளையும் நம்பி வாழ்ந்து வந்தனர். 1925-ல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்து, இதைக் குளிர்வாசத் தலமாக்கலாம் என்றார். 1929-ல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-ல் பாரத் தோட்டம் உருவானது.

காட்டை வெட்டி, சரிவில் தேயிலை நட்டு, கூடை சுமந்து கொழுந்து கிள்ளியவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். லயத்தில் வாழ்ந்த அந்தக் குடும்பங்களின் உழைப்பில்தான் இந்த மலை பெயர் பெற்றது.

இங்கே ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. மண்ணரிப்பு காய்கறித் தோட்டங்களோடு மட்டும் தொடங்கியதல்ல. காட்டைத் தேயிலையாக்கியபோதே ஆறுகளில் வண்டல் கூடியது. தேயிலைச் செடி வளர்ந்து அடர்ந்த பிறகு அதன் இலைக்கூரை மண்ணை ஓரளவு காக்கிறது. ஆண்டுக்குப் பலமுறை உழுது கிளறப்படும் காய்கறி நிலத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நீலகிரியிலும் நுவரெலியாவிலும் மலைச்சரிவில் தேயிலையும் காய்கறியும் பயிரிடுவோர் அறிந்த பாடம் இது.

அணைக்குள் சேர்ந்த சேறு

1963-ல் ரிங்லெட்டில் பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே சுல்தான் அபு பாக்கார் அணை கட்டி முடிக்கப்பட்டது. தெலோம் ஆற்று நீரும் சுரங்கம் வழியாகத் திருப்பப்பட்டு இங்கே வந்தது. தேங்கிய நீர் மலையைக் குடைந்த வழியாகப் பேராக் பக்கம் இறங்கி மின்சாரம் தந்தது.

நீரோடு சேறும் வந்தது. ஏறத்தாழ 67 இலட்சம் கன மீட்டர் கொள்ளளவுக்குத் திட்டமிட்ட நீர்த்தேக்கத்தின் பெரும்பகுதியை வண்டல் பிடித்துக்கொண்டது. தூர்வார வார மேலேயிருந்து மண் வந்துகொண்டே இருந்தது. ஓட்டைக் குடத்தில் நீர் இறைத்த கதைதான்.

பிளாஸ்டிக் கூரைப் பண்ணைகள் பெருகியபோது இன்னொரு தொல்லை சேர்ந்தது. மண்ணில் ஊற வேண்டிய மழைநீர் கூரையில் விழுந்து, ஒரே நேரத்தில் கால்வாயில் பாய்ந்து, கரையை அரித்தது. உரமும் பூச்சிமருந்தும் பதப்படுத்தாத கோழி எருவும் ஓடைகளில் கலந்தன. ஓடை நீரையே குடிக்கும் பூர்வகுடிக் கிராமங்கள்தான் முதலில் பாதிக்கப்பட்டன.

2013 அக்டோபர் 23-ஆம் தேதி நள்ளிரவில், கனமழையால் நிரம்பிய அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டு, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்தது. உறக்கத்தில் இருந்தவர்கள் உயிரிழந்தனர். 2014 நவம்பரில் சேற்று வெள்ளம் மீண்டும் உயிர்களைப் பறித்தது. ஆற்றில் கலந்த மண் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

ஊர் மக்கள் எடுத்த முயற்சி

இந்தப் பேரிடர்களுக்கெல்லாம் முன்பே, 2001-ல், மலைவாசிகள் சிலர் கூடி 'ரீச்' என்னும் வட்டாரச் சுற்றுச்சூழல் விழிப்புணர்வு அமைப்பைத் தொடங்கினர். சம்பளத்துக்கு வந்தவர்கள் அல்லர். அதே மலையில் குடியிருப்பவர்கள். நாசமான வனப்பகுதிகளில் மரக்கன்று நட்டார்கள். ஆற்று நீரின் தரத்தைக் கவனித்தார்கள். சட்டவிரோதமாகக் காடு அழிக்கப்படுவதைப் பத்திரிகைகளுக்கும் அதிகாரிகளுக்கும் எடுத்துச் சொன்னார்கள். பள்ளிப் பிள்ளைகளிடம் மறுசுழற்சியைக் கொண்டு சென்றார்கள். அதன் தலைவராக இருந்த ராமகிருஷ்ணன் ராமசாமி இந்தக் குரலைப் பலமுறை நாளேடுகளில் ஒலித்தார்.

இவர்களிடம் அதிகாரம் கிடையாது. கண்ணும் வாயும்தான் ஆயுதம். ஒரு பக்கம் மரக்கன்று நடும்போதே மறுபக்கம் மண்வாரி இயந்திரம் குன்றைச் சீவினால் என்ன செய்வது? 2014-க்குப் பின் அமலாக்க நடவடிக்கைகள் முடுக்கிவிடப்பட்டன என்றாலும், கண்காணிப்பு தளர்ந்தால் பழைய கதை திரும்பும்.

விவசாயியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதும் சரியல்ல. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வாங்கும் மலிவான முட்டைக்கோஸின் விலையில் அந்த ஆற்றின் இழப்பு சேர்க்கப்படவில்லை. ஆற்றோரத்தில் மரப்பட்டை விடுவது, வண்டல் பொறி அமைப்பது, எருவை மக்க வைத்துப் போடுவது ஆகியவை நடைமுறைக்கு ஒத்துவரும் வழிகள். அவற்றுக்குச் செலவாகும். அந்தச் செலவை விவசாயி தலையில் மட்டும் கட்டாமல், விளைச்சலை உண்பவர்களும் மின்சாரத்தை அனுபவிப்பவர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

தேயிலைக் கோப்பையில் ஊற்றும் நீரும் எங்கோ ஒரு மலையோடையில் பிறந்ததுதான். அந்த ஓடை தெளிவாக ஓட வேண்டும் என்று கேமரன் மலையில் சிலர் 2001-லேயே புறப்பட்டார்கள். சட்டமும் சந்தையும் அவர்களோடு சேர்ந்து நடந்தால்தான் அந்த ஆறு பிழைக்கும்.