தூண் நகர்ந்ததா, பூமி நகர்ந்ததா?



"நம் நாடு அசையாத நிலத்தின்மீது அமைந்திருக்கிறது" என்று வகுப்பில் பலமுறை கூறியவன் நான். 2004 டிசம்பர் 26ஆம் நாள் அக்கூற்று பொய்த்தது. அன்று சுமத்திராவின் மேற்கே, கடலடியில் 9.1 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. ஆழிப்பேரலை பினாங்கு, கெடா கரைகளைத் தாக்கியது. மலேசியாவில் 68 பேர் மாண்டனர். லங்காவித் தீவு ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் இடம்பெயர்ந்ததைத் துணைக்கோள இடங்காட்டி நிலையங்கள் காட்டின. நான் என் பாடக்குறிப்பைத் திருத்தி எழுதினேன்.

சில ஆண்டுகள் கழித்து இச்செய்தியைக் கற்பித்தபோது, ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "ஐயா, கருவியை நட்ட மண் மட்டும் சரிந்திருந்தால்? தீவே நகர்ந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்?"

அக்காலத்தில் எங்கள் பள்ளித் திடலின் கொடிக்கம்பம், மண் கொட்டி நிரப்பிய இடத்தில் நடப்பட்டதால் மழைக்காலந்தோறும் சற்றே சாய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து எழுந்த கேள்வி அது. எனக்கு உடனே விடை தெரியவில்லை. "நாளை சொல்கிறேன், அம்மா" என்றேன். விடையைத் தேடியபோது அது ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறாக விரிந்தது. அதுவும் மலாக்கா நீரிணைக்கு அப்பால், நம் அண்டை வீட்டிலேயே தொடங்கியது!

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டச்சு ஆட்சியினர் சுமத்திராவை முக்கோண முறையில் அளந்து வந்தனர். குன்றுகளின் உச்சியில் தூண்களை நிறுவி, ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பார்த்துக் கோணங்களைக் கணக்கிடுவது அம்முறை. பணி நடந்துகொண்டிருக்கும்போதே, 1892 மே 17ஆம் நாள் தப்பனூலி வட்டாரத்தில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன் பின்னர் எடுத்த கோணங்கள் முன்னர் எடுத்தவற்றோடு பொருந்தவில்லை.

அளவையாளர் முல்லரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அளந்தவர் தவறினாரா? குலுக்கத்தில் குன்றின் மண் சரிந்து தூண் இறங்கியதா? அல்லது நிலமே நகர்ந்ததா? ஒரு தூணை மட்டும் பார்த்தால் இவற்றைப் பிரித்தறிய இயலாது. பல தூண்களையும் ஒருசேர ஆராய்ந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. மண்சரிவு என்றால் ஒவ்வொரு தூணும் தன் தன் சரிவின் வழியே போயிருக்கும். இங்கோ ஒரு புறத்துத் தூண்கள் வடமேற்காகவும், மறுபுறத்தவை தென்கிழக்காகவும் ஒழுங்காக விலகியிருந்தன. அவற்றிடையே ஏற்பட்ட விலகல் ஏறக்குறைய 2 மீட்டர். 1895இல் முல்லர் இதனை வெளியிட்டார். 1906இல் நிகழ்ந்த சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தை ஆராய்ந்து, பாறை வளைந்து இறுகிப் பின் தெறிக்கிறது என்னும் கோட்பாட்டை வகுத்த ஹாரி ஃபீல்டிங் ரீட், 1913இல் இந்தச் சுமத்திரா அளவுகளையும் எடுத்து ஆராய்ந்தார். தூண்கள் பிளந்து விலகிய அந்த நிலம், ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் நீளமுள்ள சுமத்திராப் பிளவின் ஒரு பகுதியாகும்.

துணைக்கோளம் வந்த பிறகு இச்சிக்கல் தீர்ந்துவிடவில்லை; மேலும் நுண்மையாயிற்று. நிலத்தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரே நகர்கின்றன. ஈரத்தில் களிமண் உப்புவதும் வெயிலில் சுருங்குவதும் சில மில்லிமீட்டர் பிழையைத் தந்தால் போதும், ஆய்வு குழம்பிவிடும். 2001இல் வெளிவந்த லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டார ஆய்வு இதற்கு நல்ல சான்று. அங்கே நிலத்தடி நீரை இறைப்பதாலும் மீண்டும் நிரப்புவதாலும் சாந்தா ஆனா படுகை, ஒரே ஆண்டுக்குள் 5 சென்டிமீட்டருக்கும் மேல் ஏறி இறங்கியது. அந்த மூச்சைக் கழித்த பின்னரே நிலத்தட்டின் உண்மையான நெருக்கத்தைக் கணக்கிட முடிந்தது.

ஆகையால் அறிஞர்கள் நிலையங்களை மேல்மண்ணை நம்பி நடுவதில்லை. இயன்ற இடத்தில் உறுதியான பாறையைத் தேடுகின்றனர். அது கிட்டாத இடங்களில் எஃகுக் குழாய்கள் சிலவற்றைச் சாய்வாக ஏறத்தாழ 10 மீட்டர் ஆழம் வரை இறக்கி, மேலே ஒரே முனையில் இணைத்து, மேல்மண் அவற்றைத் தொடாதவாறு உறையிடுகின்றனர். சுமத்திராவின் மேற்குத் தீவுகளில் 2002இல் நிறுவத் தொடங்கிய நிலைய வலையமைப்பு, பின்னர் சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் புவி ஆய்வகத்தின் பொறுப்பில் வந்தது.

மாணவிக்கு நான் அளித்த விடை இதுதான்: "லங்காவி நிலையம் மட்டும் நகர்ந்திருந்தால் உன் ஐயம் சரி, அம்மா. ஆனால் புக்கெட் 27 சென்டிமீட்டர், லங்காவி 17, அதற்கு அப்பால் தொலைவு கூடக் கூடக் குறைவு. எல்லாம் ஒரே பக்கம் நோக்கி. சரியும் மண்ணுக்கு இந்த ஒழுங்கு தெரியாது."

நம் நாட்டு நில அளவைத் துறையும் 2003இல் அறிமுகப்படுத்திய ஜி.டி.எம். 2000 என்னும் ஆயத்தொலைவுச் சட்டகத்தை 2009இல் திருத்த வேண்டியதாயிற்று.

பிறகு மாணவர்களோடு திடலுக்குச் சென்றேன். பள்ளிக் கட்டடத்தின் மூன்று மூலைகளிலிருந்து கொடிக்கம்பத்தின் அடிக்கு நாடா பிடித்து அளந்தோம். மழைக்காலம் முடிந்து மீண்டும் அளந்தபோது மூன்று தொலைவும் மாறியிருந்தன. மூலைகளுக்கு இடையிலான தொலைவோ மாறவில்லை. "கம்பம்தான் நகர்ந்தது, ஐயா, பள்ளி நகரவில்லை!" என்று கூவினாள் அவள்.

பிள்ளைகள் நம் சொல்லை ஐயுறும்போது முகம் சுளிக்காதீர்கள். கையில் நாடாவைக் கொடுங்கள். அசையாத நிலம் என்று நான் கற்பித்த பிழையைத் திருத்தியது ஒரு பேரழிவு. எல்லாப் பிழைகளையும் திருத்த அவ்வளவு பெரிய விலை கொடுக்க வேண்டியதில்லை.