கருணைக்கும் பயிற்சி வேண்டும்

குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையை நிறுவினார். போதையை ஒழுக்கக்கேடாக மட்டுமே சமூகம் கண்ட காலத்தில், அதை நோயாகக் கருதிச் சிகிச்சை அளித்த அந்நிறுவனம், ஆலோசகர்களுக்கும் பயிற்சி தந்தது.

தெருவோரச் சிறார்கள் பலர் பசியையும் குளிரையும் அச்சத்தையும் மறக்கவே பசையையும் ஒயிட்னரையும் முகர்கின்றனர். அவர்களிடையே பணியாற்றுவோருக்கென உலக சுகாதார நிறுவனம் 2000-இல் பயிற்சி நூலொன்றை வெளியிட்டது. கண்டிப்பவர் பலர், காரணம் கேட்கக் கற்றவர் சிலரே.

அநாதையாக வளர்ந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். கே.கே. நகரிலிருந்து திருச்சி சந்திப்புக்குச் செல்கையில் இத்தகைய சிறுவனைக் கண்டால், காசு கொடுத்துக் கடந்துவிடலாமா? குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைப்போம். நம் பிள்ளைகளில் சிலரையேனும் இப்பணிக்குப் பயிற்றுவிப்போம், இன்ஷா அல்லாஹ்.