கணப்புத் தரையும் மூத்தோர் இடமும்

நதிகளையும் உறையச் செய்யும் கடுங்குளிர் ஆண்டுதோறும் வந்து தங்கும் கொரிய நாட்டில், வீட்டை வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளும் வித்தை ஜனங்களின் வாழ்க்கையோடு பல நூற்றாண்டுகளாகப் பிணைந்து வந்திருக்கிறது. ஒன்டோல் என்று வழங்கும் அந்த ஏற்பாட்டில், அறையின் தளத்தைவிடத் தாழ்வாக அமைந்த அடுக்களை அடுப்பில் சோறு வேக மூட்டிய தீயே, தன் சுவாலையையும் புகையையும் தரைக்கு அடியிலுள்ள வழிகளில் செலுத்தி, அவற்றின்மேல் பாவிய கற்பலகைகளைச் சூடாக்கிவிட்டு, வீட்டின் மறுபுறத்துப் புகைபோக்கியால் வெளியேறும். கல்லின்மேல் மண் பூசி, மண்ணின்மேல் எண்ணெய் ஊட்டிய தடித்த காகிதத்தை ஒட்டிவைப்பார்கள். தீ அவிந்த பின்னும் கல் நெடுநேரம் வெப்பத்தைக் காத்துக் கொடுக்கும். ஒரே விறகில் உணவும் உஷ்ணமும் கிடைத்துவிடுகிற இந்தச் சிக்கனம் போற்றத்தக்கது.

பண்டைக் கொரியாவின் கோகுர்யோ இராச்சியத்து ஏழைகள் குளிர்காலத்தில் நீண்ட பள்ளங்களை அமைத்து அடியில் தீ மூட்டிக் குளிர்காய்ந்தார்கள் என்று சீனத்துத் தாங் மரபின் சரித்திர நூல் குறித்திருக்கிறது. ஏழையின் இந்த உபாயம் பிரபுக்களின் மாளிகைகளுக்குள் புகுந்தபோது, முதலில் அது யாருக்காகப் புகுந்தது என்பதுதான் என் உள்ளத்தைக் கவர்கிறது. 18ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் யீ இக், தாம் முதியவர்களிடம் கேட்டறிந்ததாக எழுதிவைத்த செய்தியின்படி, அவர் காலத்துக்கு நூறாண்டுகள் முன்பு, பெருங்குடும்பங்கள் வாழ்ந்த உயர்ந்தோர் வீடுகளிலுங்கூடக் கணப்புத் தரையுள்ள அறைகள் ஒன்றிரண்டே இருந்தன. அவை முதியோருக்கும் நோயாளிகளுக்கும் ஒதுக்கப்பட்டன. ஏனையோர் பலகைத் தளத்தில் திரைகளை மறைப்பாக நிறுத்திக்கொண்டு உறங்கினார்கள். வீடு முழுவதையும் சூடாக்கப் பொருள் போதாதபோது, எவருடைய உடல் குளிரைத் தாங்காதோ அவருக்கு முதலில் வெப்பத்தைக் கொடுத்த அந்த நியாயத்தைவிடச் சிறந்த குடும்ப தர்மத்தை நான் அறியேன்.

பிற்காலத்தில் எல்லா அறைகளும் கணப்பு பெற்றன. ஆயினும் அடுப்புக்கு அண்மையிலுள்ள, மிகுந்த சூடுடைய இடமாகிய ‘அரென்மோக்’ மூத்தோருக்கே உரியதாக நிலைத்தது. விருந்தினர் வந்தாலும் அங்கேதான் அமரச் சொல்வார்கள். இரவில் நேரங்கழித்து வீடு திரும்புகிறவருக்காக, மூடியிட்ட சோற்றுக் கிண்ணத்தை அங்கே போர்வைக்கடியில் பொதிந்துவைப்பதும் வழக்கம். பெற்றோருக்குக் குளிர்காலத்தில் வெம்மையும் கோடையில் குளிர்ச்சியும் அளிப்பது மக்களின் கடமை என்று கன்பூசிய சாஸ்திரம் விதித்ததை, அந்நாட்டார் தரையின் அமைப்பிலேயே நிறைவேற்றினார்கள்.

வெப்பம் பொதுவானபோது காடுகள் அழிந்தன. விறகுக்காக மலைகள் மொட்டையாயின. 1780இல் சீனம் சென்று வந்த கொரிய அறிஞர் பாக் ஜிவோன், அந்நாட்டுக் கணப்புத் திண்ணையோடு ஒப்பிட்டு, தம் நாட்டுத் தரையின் குறைகளை எடுத்துரைத்தார். 20ஆம் நூற்றாண்டில் கொரிய யுத்தத்துக்குப் பின், துளைகளிட்ட நிலக்கரி வில்லைகள் விறகின் இடத்தைப் பிடித்தன. மலிவான அந்த வில்லைகள் மரங்களைக் காத்தன; ஆனால் தரையில் சிறு வெடிப்பு விழுந்தாலும், நிறமும் மணமுமற்ற நச்சுவாயு அறைக்குள் கசிந்து, உறங்கியவர்களை உறக்கத்திலேயே மாய்த்தது. குளிர்காலந்தோறும் பல உயிர்களைப் பலிகொண்ட சிக்கனம் அது.

இப்போது தரைக்கடியில் புகைக்குப் பதிலாகக் குழாய்களில் வெந்நீர் ஓடுகிறது. அறை எங்கும் சூடு ஒரே சீராகப் பரவுவதால், மூத்தோருக்கென்று தனி மூலை வேண்டியதில்லை. ஆனால் எரிபொருட் செலவு இன்னும் இருக்கிறது. தனியே வாழும் முதியவர் பலர் வீட்டுக் கொதிகலனை அணைத்துவிட்டு, மின்சாரத்தால் சூடேறும் விரிப்பு ஒன்றோடு இரவைக் கழிக்கிறார்கள். பகலில் ஊர்தோறும் உள்ள முதியோர் மன்றத்தில் கூடுகிறார்கள். அம்மன்றங்களின் கணப்புச் செலவுக்கு அரசாங்கம் பொருளுதவி செய்கிறது. பலர் ஒரே தரையின் வெம்மையில் அமர்ந்து சேர்ந்து உண்கிறார்கள்.