புலப்பெயர்வும் குடும்ப மடல்களும்: யாழ்ப்பாணச் சமூக வரலாற்றுக்கான ஒரு மூலம் பற்றிய குறிப்புகள்

யாழ்ப்பாணத்தின் சமூக வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரிதும் நம்பியிருந்தவை ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளும், காணி உறுதிகளும், அரசாங்க அதிபர்களின் நிருவாக அறிக்கைகளுமேயாம். இவை யாவும் உடைமையினதும் ஆட்சியினதும் ஆவணங்கள். காணி கைமாறும்போதும் வரி அறவிடப்படும்போதுமே சாதாரண மனிதன் அவற்றில் தலைகாட்டுகின்றான். பெண்ணோ பெரும்பாலும் சீதனத்தோடு சேர்த்தே குறிக்கப்படுகின்றாள். 1983 முதல் 2009 வரை நீடித்த உள்நாட்டுப் போர்க்காலத்தில், பிரிந்துபோன குடும்பங்களுக்கிடையே பரிமாறப்பட்ட கடிதங்கள் இக்குறையை ஓரளவுக்கேனும் நிரப்ப வல்லவை. அவற்றை இலக்கியமாகவன்றி வரலாற்று மூலமாக நோக்குவதே ஈண்டு எமது முயற்சி.

இத்தகைய முயற்சிக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. தோமஸ், ஸ்னனியெக்கி ஆகிய இருவரும் 1918க்கும் 1920க்குமிடையில் வெளியிட்ட, அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்த போலந்து விவசாயிகள் பற்றிய ஐந்து தொகுதி ஆய்வு, குடும்பக் கடிதங்களையே முதன்மைச் சான்றாகக் கொண்டது. விவசாயியின் கடிதங்கள் அனைத்தும் அடிப்படையில் ஒரே வகையின, அவை செய்தி கூறுவதற்கென்பதிலும் பிரிவின் நடுவே குடும்பப் பிணைப்பை உறுதிசெய்வதற்கே எழுதப்படுகின்றன என்பது அவர்தம் கருத்து. இது எமக்கும் பொருந்துவதே. ஆயினும் போலந்துக் கடிதங்கள் எழுப்பாத ஒரு வினாவை யாழ்ப்பாணக் கடிதங்கள் எழுப்புகின்றன. முற்றுகையிடப்பட்ட ஒரு நிலத்திலிருந்து கடிதம் எவ்வாறு வெளியேறுகின்றது என்பதே அது.

கடல் கடந்த உழைப்பில் தங்கியிருத்தல் யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் பணிபுரிந்தோர் அனுப்பிய மணியோடர்களே பல கிராமங்களில் கல்வீடுகளாயின, காணிகளாயின, சீதனமாயின. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்ததும் கடிதமும் காசும் ஒருங்கே நின்றன. எனினும் மலாயாவுக்குப் போனவன் ஊர் திரும்புவதற்காகவே போனவன். அவன் கடிதத்தில் ஓய்வூதியத்துக்குப் பிந்திய வாழ்வு ஒன்று உறுதியாய் நின்றது. 1983 யூலைக்குப் பின் அகதியாய்ச் சென்றவனது கடிதத்தில் அந்த உறுதியைக் காண்பதரிது.

எவர் போனார் என்பது வர்க்கம் சார்ந்த கேள்வியாகும். ஏஜென்சிக்குக் கொடுக்கும் காசு, காணியை ஈடு வைத்தோ நகையை அடைவு வைத்தோ பெறப்பட்டது. இரண்டும் இல்லாதவனுக்கு மேற்கின் வாசல் எளிதில் திறக்கவில்லை. ஆகவே சுவிற்சர்லாந்திலிருந்தோ ஜேர்மனியிலிருந்தோ வந்த முதற் கடிதங்கள் நலம் விசாரித்த கையோடு கடனைப் பேசின. வட்டி எவ்வளவு, அடைவு மீட்கப்பட்டதா, தங்கைக்கு வந்த சம்பந்தம் என்னவாயிற்று என்பனவற்றைச் சூழ்ந்தே அவற்றின் உணர்ச்சியும் இயங்கிற்று. இதனைப் பணப்பற்று எனக் கொள்வோர் குடும்பம் என்பது ஒரு பொருளாதார அலகு என்பதனை மறந்தவராவர். உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவியவனது உழைப்பு, வங்கி வழியாலோ உண்டியல் வழியாலோ ஊருக்கு வந்து, அங்கே பாசம் என்னும் சொல்லால் வழங்கப்பட்டது. அவன் செய்யும் வேலை இன்னதென்று அவனது கடிதம் கூறுவது அரிது. ‘வேலை பரவாயில்லை’ என்பதோடு அது நின்றுவிடும்.

வடிவத்தைச் சற்று நோக்குவோம். தாளின் தலைப்பில் பிள்ளையார் சுழி அல்லது சிலுவை. அதன் கீழ் ஊரும் திகதியும். ‘நலம், நலமறிய ஆவல்’ என்னும் தொடக்கம். இறுதியில் சுற்றத்தார் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்தல். நீலநிற ஏரோகிராம் ஒரே தாள். உள்ளே வேறெதுவும் வைத்தலாகாது. இடம் போதாதபோது ஓரங்களிலும் மடிப்பிலும் எழுத்து நுணுகிச் செல்லும். சொல்லத் தயங்கிய செய்தி பெரும்பாலும் அந்த ஓரத்திலேயே வந்து சேரும். எழுத்துப் பழக்கமற்ற முதிய தாய்மார் சொல்லச் சொல்லப் பாடசாலைப் பிள்ளைகள் எழுதினர். ஆகவே தாயின் பேச்சுமொழிக்கும் பிள்ளை கற்ற கட்டுரை மொழிக்குமிடையே இழுபறிப்படும் ஒரு நடை உருவாயிற்று. எமது உரைநடை வரலாற்றில் இதற்கு ஓரிடம் உண்டு. குரலையே பதிந்தனுப்பிய கசற்றுகளை இங்கு நாம் எடுத்துக்கொள்ளவில்லை.

1990 யூனில் மீண்டும் மூண்ட போரோடு குடாநாடு முற்றுகைக்குள்ளாயிற்று. யாழ்தேவி நின்றது, மின்சாரம் அற்றது, எரிபொருளும் மின்கலமும் தடைப்பட்டன. போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியிட்ட விளக்கே இரவில் எழுதுவோரின் வெளிச்சம். ஆனையிறவு, பூநகரிப் பாதைகள் அடைபட்டிருந்தமையால் கிளாலிக் கடனீரேரியை இரவிற் படகேறிக் கடந்தோர் தம்மோடு அயலவரின் கடிதங்களையும் சுமந்து கொழும்பில் தபாலிற் சேர்த்தனர். பலர் உயிரிழந்த பாதை அது. செஞ்சிலுவைச் சங்கம் வழியாகச் செல்லும் மடல்களோ திறந்தவை. குடும்பச் செய்திக்கு மட்டுமே இடமளிப்பவை. தணிக்கைக்கு அஞ்சியும், பெற்றோர் கலங்குவர், பிள்ளைகள் கலங்குவர் என்றெண்ணியும் இருபுறத்தாரும் பலவற்றை விடுத்தனர். ‘நாட்டு நிலைமை தெரியும்தானே’ என்ற ஒரு தொடர் ஷெல்லையும் பொம்பரையும் இடப்பெயர்வையும் ஒருங்கே சுமந்தது. கடிதத்தை நேரடிச் சாட்சியமாக அப்படியே ஏற்பதன் அபாயம் இதனாற் புலனாகும்.

எதிர்நிலையும் உண்டு. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின்கீழ்த் தஞ்சம் கோரியோருக்கு ஊரிலிருந்து வந்த கடிதங்கள் சான்றாதாரங்களாயின. சமாதான நீதவானின் ஒப்பத்தோடும் விதானையாரின் உறுதிப்படுத்தலோடும், ‘உன்னைத் தேடி வந்தார்கள்’ எனத் தாயொருத்தி எழுதும்போது அவள் மகனுக்கும் அந்நிய நீதிபதிக்கும் ஒரே வேளையில் எழுதுகின்றாள். அங்கே விடுத்தற்கில்லை; யாவும் கூறப்படல் வேண்டும். ஒரே கை எழுதிய இவ்விருவகைக் கடிதங்களையும் அருகருகே வைத்துப் படிப்பதே முறையான மூலவிமரிசனம் என்பது எமது துணிபு.

கிடைப்பவற்றை மட்டும் கொண்டு முடிவு காண்பதும் தவறு. படகேறி இராமேஸ்வரம் சேர்ந்து மண்டபம் முகாமிலும் தமிழ்நாட்டின் பிற முகாம்களிலும் தங்கிய ஏழைகளுள் ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கினின்றும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்திலிருந்து தம் பழைய அயலவர்க்கு எழுதியவையும் உண்டு. புலம்பெயர் எழுத்து எனும்போது ரொறன்ரோவையும் பாரிசையும் லண்டனையும் மட்டுமே எண்ணிப் பழகிய ஆய்வு மரபு இவற்றைத் தேட முனைந்ததில்லை. இது தற்செயலன்று.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் ஓரிரவில் வெறுமையாயிற்று. புறப்பட்டோர் கைப்பையில் உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இடம்பெற்றன. கடிதக் கட்டுக்கள் பெரும்பாலும் அலுமாரிகளிலே தங்கின. 1981இல் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்காக உலகம் வருந்திற்று. இவ்வலுமாரிகளுக்குப் பட்டியலே கிடையாது. 2005இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ எண்ணிம நூலகம் நூல்களையும் சஞ்சிகைகளையும் காத்துவருகின்றது. கடிதங்களோ தனியார் உடைமை. அவற்றில் அடைவுச் சீட்டும் குடும்பச் சண்டையும் இருப்பதனால் தர மறுப்போரைக் குறைகூறுதல் நியாயமன்று.

2002இல் யுத்தநிறுத்தத்தோடு ஏ-9 பாதை திறந்து, தொலைபேசியும் கைபேசியும் பெருகியபின் கடிதம் அருகிற்று. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் தொடங்கிய போராட்டத்தில் நிழற்படங்கள் ஏந்தப்பட்டன. பிள்ளையின் கையெழுத்தில் ஒரு மடல் கைவசமுள்ள தாய்க்கு, அதிலுள்ள திகதி, அந்நாளில் அவன் உயிரோடிருந்தான் என்பதற்குச் சான்று.