சீனமொழி நூலக வலையமைப்பு

சீன எழுத்திலான நூற்பட்டியல்களைக் கணினியில் ஏற்றி, நூலகங்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. சீனா, தைவான், ஹாங்காங் நூலகங்களும் பிற நாடுகளிலுள்ள கிழக்காசியத் தொகுப்புகளும் இதில் அடங்கும்.

எழுத்துக் குறியீடே இத்துறையின் முதல் தடை. பல்லாயிரம் எழுத்துகள் கொண்ட மொழிக்கு 256 இடங்களே உள்ள ஒற்றை பைட் குறியீடு போதாது. தைவானில் 1980இல் வெளியான சிசிசிஐஐ குறியீடு, எழுத்தொன்றுக்கு மூன்று பைட் ஒதுக்கி, மரபு வடிவத்தையும் எளிய வடிவத்தையும் இணைத்துக் காட்டியது. ஒரு வடிவத்தில் தேடி மற்றதில் உள்ள நூலையும் எட்டும் வசதி பட்டியலாளருக்கு மிக முக்கியம். சிசிசிஐஐயின் வழிவந்த ஈஏசிசி 1989இல் அமெரிக்கத் தரமாயிற்று. ஆயினும் பொதுப் பயன்பாட்டில் சீனாவில் ஜிபி 2312, தைவானில் பிக்-5 என இருவேறு இரட்டை பைட் குறியீடுகளே வேரூன்றின. ஒன்றில் எழுதிய பதிவு மற்றதில் குலைந்து தெரிந்தது. ஒருங்குறி பரவிய பின்னரே இச்சிக்கல் பெருமளவு நீங்கியது.

அமெரிக்காவில் நூலகக் கூட்டமைப்பான ஆர்எல்ஜி 1983இல் சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துகளிலேயே பட்டியலிடும் வசதியைத் தொடங்கியது; மற்றொரு கூட்டமைப்பான ஓசிஎல்சி பின்தொடர்ந்தது. ரோமன் எழுத்துப்பெயர்ப்பில் காங்கிரஸ் நூலகம் 2000 அக்டோபர் 1 முதல் வேட்-கைல்ஸ் முறையை விட்டுப் பின்யினுக்கு மாறியது.

கூட்டுப் பட்டியல்களுள் தைவான் தேசிய மைய நூலகத்தின் என்பிஐநெட் (1991), பீக்கிங் பல்கலைக்கழகத்தில் நிர்வாக மையம் கொண்ட காலிஸ் (1998) ஆகியன குறிப்பிடத்தக்கவை. காலிஸ் கூட்டுப் பட்டியலுடன் நூலகங்களுக்கிடைக் கடனையும் ஒருங்கிணைக்கிறது. ஹாங்காங் பல்கலைக்கழக நூலகங்கள் 1999இல் தொடங்கிய ஆசிரியர்பெயர்த் தரவுத்தளமான எச்கேகேன், ஒரே பெயருள்ள ஆசிரியர்களைச் சீன எழுத்தின்வழி வேறுபடுத்துகிறது. பதிவு வடிவம் இன்னும் ஒன்றாகவில்லை: சீன நூலகங்கள் யுனிமார்க் அடிப்படையிலான சிஎன்மார்க்கையும், அமெரிக்க நூலகங்கள் மார்க் 21ஐயும் கையாள்வதால், பரிமாற்றத்துக்கு வடிவமாற்றம் தேவைப்படுகிறது.