ஊர் கூடித் தேர் இழுக்க ஒரு கணிப்பொறி



கம்ப்யூட்டர் என்றால் ஒருவர் தனியே உட்கார்ந்து தட்டுகிற பெட்டி என்றுதானே நினைக்கிறோம்? பல ஊர்க்காரர்கள் ஒரே வேலையைச் சேர்ந்து செய்யவும் அது உதவும் என்று காட்டிய முன்னோடிகளில் ஒருவர் ரே ஓஸி என்ற அமெரிக்கர். அவர் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

1955-ஆம் ஆண்டில் சிகாகோவில் பிறந்த ஓஸி, இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படித்தார். அங்கே மாணவருக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதற்காக 1960-இல் தொடங்கிய ‘பிளேட்டோ’ என்ற கணிப்பொறி அமைப்பு இருந்தது. இளம் பிள்ளைகள் பாடத்தோடு சும்மா இருப்பார்களா? 1973-இல் டேவிட் வூலி என்ற 17 வயது இளைஞர், யாரும் கேள்வி எழுதலாம், யாரும் பதில் எழுதலாம் என்று ‘நோட்ஸ்’ என்ற பொது ஏட்டையே அதில் உண்டாக்கிவிட்டார்.

அந்த நாளில் நடந்த ஒன்றை ஓஸி பின்னர் சொல்லியிருக்கிறார். நேரில் பார்த்திராத ஒருவரோடு திரை வழியாகவே வேலை செய்தாராம். அந்த மனிதர் எழுத்தைத் தட்டுவது ரொம்ப மெதுவு, அறிவோ கூர்மை. வேலை முடிந்து அவர் வீட்டு விருந்துக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அவருக்குக் கையும் காலும் இயங்காது! வாயில் குச்சியைக் கவ்விக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டியிருக்கிறார். திரையில் உடம்பின் குறை தெரியவில்லை, அறிவுதான் தெரிந்தது.

இந்த வசதி எல்லா அலுவலகங்களுக்கும் கிடைக்கவேண்டும் என்று ஓஸி ஆசைப்பட்டார். லேசில் யாரும் பணம் போட முன்வரவில்லை. லோட்டஸ் கம்பெனியை நடத்திய மிச் கேப்பர், முதலில் ‘சிம்ஃபனி’ என்ற புரோகிராமைச் செய்து தரச் சொன்னார். அதைச் செய்து முடித்த பிறகே வழி பிறந்தது. 1984-இல் ஐரிஸ் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். பிளேட்டோவில் பழகிய நண்பர்களும் தோள் கொடுத்தார்கள். 1989-இல் ‘லோட்டஸ் நோட்ஸ்’ வெளிவந்தது.

அது எப்படி வேலை செய்தது? தோட்டத்து ஆபீசில் ஒரு கணக்கு, டிவிஷனில் ஒரு கணக்கு இருந்தால், கிராணிமார் இரண்டையும் ஒத்துப் பார்ப்பார்கள் இல்லையா? அதே மாதிரிதான். ஒவ்வோர் இடத்திலும் ஒரு பிரதி இருக்கும். டெலிபோன் தொடர்பு கிடைத்ததும் கணிப்பொறிகள் ஒத்துப் பார்த்து, மாறியதை மட்டும் பரிமாறிக்கொள்ளும்.

1995-இல் ஐ.பி.எம். நிறுவனம் 350 கோடி டாலர் கொடுத்து லோட்டஸை வாங்கியது. 2006-இல் பில் கேட்ஸ் வகித்த தலைமை மென்பொருள் வடிவமைப்பாளர் பொறுப்பு மைக்ரோசாஃப்டில் ஓஸிக்குக் கிடைத்தது. 2010 வரை அங்கே இருந்தார். நோட்ஸோ 2019-இல், தூத்துக்குடிச் சீமைத் தமிழரான சிவ நாடார் தொடங்கிய எச்.சி.எல். நிறுவனத்தின் கைக்கு வந்தது.

பெற்றோர்களே, மேடையேறிப் பரிசு வாங்கும் பிள்ளையை மனமாரப் பாராட்டுங்கள். மாணவர்களே, கடைசி வரிசையில் மெதுவாக எழுதும் தோழனையும் உங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் கைதான் மெதுவு. மூளை எப்படி என்பது சேர்ந்து வேலை செய்து பார்த்தால்தானே தெரியும்?